கிணற்றுப் பங்கு

காத்தோங்கின் சிலோன் சாலையில் இன்று நடப்பவர்க்குக் கடலோசை கேட்பதில்லை. ஈஸ்ட் கோஸ்ட் சாலையை ஒட்டிய வீடுகளின் பின்மதிலில் அலை வந்து மோதிய காலம் ஒன்று இருந்தது. 1966ஆம் ஆண்டு தொடங்கிய நிலமீட்புப் பணி கடலைத் தெற்கே தள்ளிவிட்டது. அலை புரண்ட இடத்தில் மரின் பரேட்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளும், அகன்ற விரைவுச்சாலையும், கிழக்குக் கடற்கரைப் பூங்காவும் தோன்றின. தென்னந்தோப்புகளும் மணல்வெளியும் கிணறுகளுமாக விளங்கிய பழைய காத்தோங், முதியோர் சிலரின் நினைவில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

அந்தப் பழைய காத்தோங்கில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பள்ளிகளில் பயின்ற இளைஞர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறி வந்தனர். இருப்புப்பாதை, நில அளவை, பொதுப்பணி, மருத்துவம் ஆகிய துறைகளில் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தனர். 1910இல் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கத்தை நிறுவியவர்களும் இவர்களே. இவர்களுடைய பெயர்களை அலுவலகப் பதிவேடுகள் காத்து வைத்துள்ளன. அவர்களைப் பின்தொடர்ந்து வந்த மனைவியரோ எந்த அலுவலகத்திலும் கையொப்பமிட்டவர்கள் அல்லர். அவர்களில் பெரும்பாலோர் மண்ணில் பிறந்து மண்ணில் வளர்ந்த கமக்காரர் மக்கள். அவர்கள் கொண்டுவந்த கல்வி எத்தகையது என்று கேட்டறிந்தோர் மிகச் சிலரே.

அத்தகைய பெண்மணி ஒருவர் சிலோன் சாலைக்கு அருகே ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் அம்மம்மா. நாளடைவில் அண்டை வீட்டாருக்கும் கோயிலுக்கு வருவோருக்கும்கூட அவர் அம்மம்மாவாகவே ஆகிவிட்டார்.

அம்மம்மா பிறந்தது 1908ஆம் ஆண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்கே, பலாலிக்கும் வசாவிளானுக்கும் இடைப்பட்ட செம்மண் கிராமம் ஒன்றில். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. பெய்யும் மழையைச் சுண்ணாம்புப் பாறை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கிணறு தோண்டினால்தான் தண்ணீர். தண்ணீர் இருந்தால்தான் புகையிலையும் வெங்காயமும் குரக்கனும். விடியுமுன்னே இறைப்புத் தொடங்கிவிடும். ஆடவர் துலாவின் மீது ஏறி முன்னும் பின்னுமாக நடப்பர்; கிணற்றடியில் நிற்பவர் பனையோலைப் பட்டையைக் கவிழ்த்து வாய்க்காலில் ஊற்றுவார்; அந்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிவிடும் வேலை சிறுபிள்ளைகளுடையது. ஆறு வயதில் அம்மம்மா அந்த வேலையில் இறங்கினார். ஒரு பாத்தி நிறைந்ததும் வரம்பைக் காலால் அடைத்து, அடுத்ததைக் கையால் வெட்டித் திறக்க வேண்டும். சற்றுப் பிந்தினால் மேல்பாத்தியின் கன்று அழுகும். முந்தினால் கீழ்ப்பாத்தியின் கன்று வாடும். சைவப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்போடு அவருடைய ஏட்டுக்கல்வி நின்றது. வாய்க்காலடியில் கற்ற கல்வியோ அவரது கடைசி நாள்வரை நின்றது.

அந்தக் கல்வியின் நடுவிடத்தில் இருந்தது ஒரு சொல்: முறை. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பல, ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல. நான்கு குடும்பத்தார்க்குப் பங்கு இருந்தால், ஒருவர் இறைத்த நாளில் மற்றவர் காத்திருப்பார். காணி உறுதி எழுதும்போது நிலத்தின் எல்லைகளோடு கிணற்றில் உள்ள பங்கையும், வழியையும், வாய்க்காலையும் சேர்த்தே எழுதுவது அந்நாட்டு வழக்கம். பங்கை மீறி இறைப்பவனை ஊரார் பழிப்பதோடு நிற்பதில்லை. கிணறே தண்டிக்கும் என்று பெரியோர் அஞ்சினர். அந்த அச்சம் வெறும் நம்பிக்கையன்று. கடல் சூழ்ந்த சுண்ணாம்பு நிலத்தில், கனம் குறைந்த நன்னீர், கனம் மிகுந்த உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. மிகுதியாக இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலேறிக் கிணற்றைக் கெடுத்துவிடும். நிலவியல் நூல்கள் விளக்கும் இந்த உண்மையை, அம்மம்மாவின் தந்தையார் கிணற்றின் உள்மதிலில் தாம் கீறி வைத்த ஒரு கோட்டைக் காட்டி மகளுக்குக் கற்பித்தார். நீர்மட்டம் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் அன்றைய இறைப்பு முடிந்தது.

1926இல் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரில் அரசாங்க எழுத்தர். சீதனமாக எழுதிக் கொடுக்கப்பட்டது 12 பரப்புத் தோட்டக் காணியும், கிணற்றில் நான்கில் ஒரு பங்கும். அந்நாட்டில் 16 பரப்பு ஏறத்தாழ ஓர் ஏக்கர் ஆகும். ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் தொகுத்து வைத்த தேசவழமைச் சட்டப்படி சீதனம் பெண்ணின் உடைமை. வழக்கப்படி அது தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது. அந்த உறுதியைப் பட்டுச் சேலைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, பதினெட்டு வயதுப் பெண் கொழும்புக்கு இரயிலேறினார், அங்கிருந்து கப்பலேறினார்.

காத்தோங்கில் அவரை வரவேற்றது மணல். செம்மண்ணையே மண் என்று அறிந்திருந்த கால்களுக்கு அது மண்ணாகவே தோன்றவில்லையாம். வாடகை வீட்டின் பின்புறத்தில் நான்கு தென்னைகள் நின்றன. ஒருபுறம் பெரனாக்கான் குடும்பம், மறுபுறம் யூரேசியக் குடும்பம், சாலையின் கோடியில் மலாய்க்காரர் குடியிருப்பு. ஒருவர் மொழியும் அவருக்குப் புரியவில்லை. அவருக்குப் பழக்கமாக இருந்தது ஒன்றே: செண்பக விநாயகர் ஆலயத்தின் மணியோசை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவே, குளக்கரைச் செண்பக மரத்தடியில் தொடங்கிய வழிபாடு அது. குளத்தருகே கோயில் கொண்ட பிள்ளையார் தம்மைக் கைவிட மாட்டார் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

வீட்டிலோ அவருடைய அறிவுக்கு இடமில்லை. கணவர் நல்லவர், ஆனால் துரைமாரின் அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவரின் மனைவி மண்வெட்டி பிடிப்பதைக் காணக் கூசினார். விருந்தினர் வரும் நாள்களில் பின்கட்டுக் கதவைச் சாத்திவிடுவார். உணவிலும் இதே கதை. பளபளக்கும் வெள்ளரிசியே நாகரிகத்தின் அடையாளம் என்று கருதப்பட்ட காலம். அம்மம்மாவோ புழுங்கல் அரிசியை விட மறுத்தார். அவரால் காரணம் சொல்ல முடியவில்லை. உடம்புக்கு நல்லது என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்தக் காரணத்தை மலாயாவிலேயே மருத்துவர்கள் கண்டறிந்திருந்தனர். வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் பெருவாரியாக மாண்டபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்க்கு அந்நோய் அரிதாகவே கண்டது. 1907இல் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருவகை அரிசியையும் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவை வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் அதனை மேலும் உறுதிப்படுத்தினர். தவிட்டில் உள்ள சத்து, நெல்லைப் புழுக்கும்போது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. உலகம் அண்மையில் கற்றுக்கொண்ட பாடத்தை, நெல் புழுக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அடுப்படியில் காத்து வந்தனர்.

காத்தோங் மணலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அம்மம்மா முதலாண்டிலேயே அறிந்துகொண்டார். பின்புறத்தில் முன்பு குடியிருந்தோர் தோண்டிய பழங்கிணறு ஒன்று, குப்பை நிறைந்து கிடந்தது. கூலியாள் ஒருவரை வைத்து அதனைத் துப்புரவாக்கினார். அந்த ஆள் இன்னும் இரண்டடி தோண்டினால் தண்ணீர் பெருகும் என்றபோது, அவர் கைகாட்டித் தடுத்துவிட்டார். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தந்தையாரின் கிணற்றில் கண்ட நியாயந்தான் இங்கும்: மேலே நன்னீர், கீழே உவர். கிணற்றின் உள்மதிலில் கரித்துண்டால் ஒரு கோடு கீறினார். குழாய்த் தண்ணீர் இருக்கும் வீட்டில் இது எதற்கு என்று கணவர் கேட்டதற்கு, இருந்துவிட்டுப் போகட்டும் என்றே விடையிறுத்தார்.

பதினைந்து ஆண்டுகள் அந்தக் கிணறு கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் மட்டுமே பயன்பட்டது. பிறகு போர் வந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் முதற்குண்டு விழுந்தது. 1942 ஜனவரி முடிவில் ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்துவிட்டு ஆங்கிலப் படை தீவுக்குள் ஒதுங்கியது. குண்டுவீச்சில் நீர்க்குழாய்கள் உடைந்து தண்ணீர் வீணாயிற்று. பிப்ரவரி 15ஆம் நாள் நிகழ்ந்த சரணாகதிக்கு அந்தத் தண்ணீர் நெருக்கடியும் ஒரு காரணம். காத்தோங் வீட்டின் குழாயும் வறண்டது. அண்டை வீட்டார் வாளிகளோடு பின்கட்டு வாசலில் வந்து நின்றனர். அந்த வாசலைத்தான் அவருடைய கணவர் விருந்தினர்க்குத் தெரியாமல் சாத்தி வைத்திருந்தார்.

அம்மம்மா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. யாரையும் வேண்டியமட்டும் அள்ளவும் விடவில்லை. காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு, கோட்டுக்குக் கீழே நீர் இறங்கினால் மறுநாள். யாழ்ப்பாணத்து முறை காத்தோங்கில் நடைமுறைக்கு வந்தது. சந்தையில் கற்ற மலாய்ச் சொல் ஒன்று அவருக்குக் கைகொடுத்தது. “சிக்கிட், சிக்கிட்” என்று விரலைக் குவித்துக் காட்டுவார். கொஞ்சம் கொஞ்சமாக என்பது பொருள். முதல்நாள் முணுமுணுத்தோர் உண்டு. சுற்றுவட்டத்தில் மிகுதியாக இறைத்த வேறொரு கிணறு உப்புக் கரிக்கத் தொடங்கியபின், ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

சியோனான் என்று பெயர் மாற்றப்பட்ட அந்நகரில் மூன்றரை ஆண்டுகள் அரிசி அருகிக்கொண்டே போயிற்று. வாழைமரம் அச்சிட்ட நோட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் ஒரு வேளைக்கு உணவு கிடைப்பது அரிதாயிற்று. ஊரெங்கும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. மணலில் கிழங்கு பருக்காது என்று பலர் கைவிட்டபோது, அம்மம்மா கடற்கரைக்கு நடந்தார். அங்கே வளர்ந்திருந்தது பூவரசு. அவருடைய ஊர் வேலிகளில் நின்ற அதே மரம்! பிள்ளைகளோடு சேர்ந்து பூவரசங்குழையை வெட்டிச் சுமந்து வந்து, பள்ளம் பறித்துத் தாழ்த்தி, சாம்பலும் மட்கிய தென்னை மட்டையும் இட்டு மூடினார். ஊரில் புகையிலைக்குச் செய்ததை இங்கே மரவள்ளிக்குச் செய்தார். அவ்வளவுதான் வேறுபாடு. கிழங்கை அவிக்கும்போது முதல் நீரை வடித்துவிடவும், பானையை மூடாமல் வேகவைக்கவும் அண்டைப் பெண்களுக்குக் காட்டிக் கொடுத்தார். மரவள்ளியில் உள்ள நஞ்சு ஆவியோடும் நீரோடும் கழியும் என்பது அதன் உட்பொருள்.

அலுவலகத்தில் ஊதியம் பொருளற்றதாகிவிட்ட கணவர், ஒருநாள் தாமே வாளியை எடுத்துக்கொண்டு பாத்திக்கு வந்தார். எவ்வளவு ஊற்றுவது என்று மனைவியைக் கேட்டார். பதினாறு ஆண்டு இல்வாழ்க்கையில் மண்ணைப் பற்றி அவர் கேட்ட முதற்கேள்வி அதுவே என்று பிள்ளைகள் பின்னாளில் சொல்வார்கள். “வேரைப் பாத்து வாருங்கோ; இலையைக் குளிப்பாட்டாதேங்கோ” என்றார் அம்மம்மா. சுற்றியிருந்த நான்கு வீடுகளிலும் வாடிய முகங்கள் இருந்தன. பட்டினியால் மாண்டவர் எவரும் இல்லை. இதனை எந்த அலுவலகமும் பதிந்து வைக்கவில்லை.

போர் முடிந்து அமைதி திரும்பியது. ஆனால் கணவரின் உடல்நலம் திரும்பவில்லை. 1949இல் அவர் காலமானார். மூத்த மகளுக்கு மணமாகியிருந்தது. மகன் எழுத்தர் வேலையில் அமர்ந்திருந்தார். எஞ்சியவர் இளைய மகள். அதே ஆண்டு அக்டோபரில், ராஃபிள்ஸ் கல்லூரியையும் மன்னர் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியையும் இணைத்து, மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தோன்றியது. மறுஆண்டு அதில் சேர இளைய மகளுக்கு இடம் கிடைத்தது. கட்டணத்திற்கும் செலவுக்கும் பணம் இல்லை. இருந்தது ஒன்றே: சீதனக் காணி.

உறவினர் கூடினர். தாயின் சீதனம் மகளின் சீதனமாக வேண்டியது. அதனை விற்றுப் பெண்ணைப் படிப்பிப்பதா? படித்த பெண்ணுக்கு இன்னும் படித்த மாப்பிள்ளையை எங்கே தேடுவது? அவனுக்குக் கொடுக்கக் காணிதான் ஏது? வினாக்கள் நியாயமற்றவை அல்ல. அந்தக் காலத்துக் கணக்கில் நிலமற்ற பெண் நிழலற்ற பெண். மகளுங்கூட அஞ்சினார், ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறேன், காணி கிடக்கட்டும் என்றார். அம்மம்மா மூன்று நாள் ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள் மகளை அழைத்து, “காணி ஆரின்ரை கையிலை இருந்தாலும் அங்கைதான் கிடக்கும். உன்ரை வயசு ஓடிப்போயிடும். நீ படி, பிள்ளை” என்றார். உறவினர்க்கு அவர் சொன்ன விடை இதனினும் சுருக்கமானது: “இதுவும் சீதனம்தான்.”

ஊருக்கு அதிகாரப் பத்திரம் போயிற்று. தேசவழமைப்படி பங்காளிக்கே முதல் உரிமை. ஆகவே அதே கிணற்றில் பங்குள்ள குடும்பம் ஒன்று வாங்கிக்கொண்டது. ஆனால் 12 பரப்பும் விற்கப்படவில்லை. பத்துப் பரப்பை விற்று, கிணற்றடியில் இரண்டு பரப்பையும் நான்கில் ஒரு பங்கையும் அம்மம்மா நிறுத்தி வைத்துக்கொண்டார். ஐந்து நாள் கப்பல் தொலைவில் உள்ள கிணற்றில் பங்கு எதற்கு என்று மகன் கேட்டார். காத்தோங் கிணற்றைப் பற்றி முன்பு கணவருக்குச் சொன்ன விடையையே மகனுக்கும் சொன்னார்: இருந்துவிட்டுப் போகட்டும்.

இளைய மகள் பட்டம் பெற்று உயர்நிலைப் பள்ளி ஆசிரியையானார், மணம் புரிந்தார், நான்கு பிள்ளைகளுக்குத் தாயானார். அப்பிள்ளைகளே அம்மம்மாவின் முதுமைக்குத் துணை. அவர்களுக்கு அவர் கதை சொன்னதில்லை, வேலை கொடுத்தார். வெண்டைக்கு நீர் மாற்றிவிடவும், முருங்கைப் போத்தை எந்தப் பக்கம் மேலாக நடுவது என்று பார்க்கவும், மழைக்கு முன் எறும்பு போகும் திசையைக் கவனிக்கவும் கற்பித்தார். தோட்டக்காரியின் அன்பு அப்படித்தான் வெளிப்படும் போலும்.

1966க்குப் பின் காத்தோங் கடற்கரை மாறத் தொடங்கியது. பிடோக் பகுதிக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணை நீண்ட வார்ப்பட்டைகளில் ஏற்றிக் கொண்டுவந்து கடலில் கொட்டினர். அம்மம்மா மாலைதோறும் பேரப்பிள்ளைகளோடு சென்று அதனைப் பார்த்து நிற்பார். சிவந்த மண் இடையறாமல் வந்து விழுந்தது. “இவ்வளவு மண்ணையும் கடலுக்கை கொட்டுகினமே!” என்று முதலில் அங்கலாய்த்தார். சில ஆண்டுகள் கழித்து அங்கே புல் முளைத்து, மரம் நட்டு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் எழுந்தபோது, குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாராம். குழை தாழ்த்தினால் விளையும் என்பதே அவருடைய தீர்ப்பு. 1976இல் அவர் காலமானபோது வயது அறுபத்தெட்டு. முன்பு கடலாக இருந்த நிலத்தில், மகள் வாங்கிய வீட்டின் தாழ்வாரத் தொட்டிகளில் அப்போது கறிவேப்பிலை தழைத்திருந்தது.

அவர் மறைந்த மூன்றாண்டு கழித்து, 1979இல், சிங்கப்பூர் அரசாங்கம் வாய்மொழி வரலாற்றுப் பிரிவை நிறுவி, முதியோர் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியது. ஜப்பானியர் கால நினைவுகள் பல அவ்வாறு காக்கப்பட்டன. அம்மம்மாவின் குரல் அவற்றுள் இல்லை. துலா, பட்டை, இறைப்பு, குழை தாழ்த்தல் என்று அவர் நாவில் புழங்கிய சொற்கள் காத்தோங் வீட்டில் இன்று ஒருவருக்கும் அன்றாடச் சொற்கள் அல்ல.

காணி எங்கும் ஓடாது என்று அவர் நம்பிய ஊருக்கும் காலம் வேறு வழி வகுத்தது. 1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது, வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். பலாலி விமானத்தளத்தைச் சூழ்ந்த செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. 2009இல் போர் முடிந்தபின் அந்நிலங்கள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்றோர் பலர் கண்டது இடிந்த சுவர்களையும் காடு மண்டிய வளவுகளையுமே. பத்துப் பரப்பை வாங்கிய குடும்பமும் சிதறிப்போயிற்று. விற்காது வைத்த இரண்டு பரப்பும் விற்ற பத்துப் பரப்பும் ஒரே பற்றைக்குள் மறைந்தன. அந்தக் காணியால் விளைந்தவற்றுள் எவராலும் பறிக்க முடியாமல் நின்றது, 1950இல் ஒரு பெண் பெற்ற கல்வி மட்டுமே.

அறிவு என்பது ஏட்டில் எழுதப்பட்டது என்று எண்ணுவோர், அம்மம்மாவைப் படியாதவர் என்றே கணக்கிடுவர். எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும், அடுத்தவர் முறை எப்போது என்னும் மூன்றையும் அவர் ஆறு வயதில் கற்றார். அறுபத்தெட்டு வயதுவரை மறக்கவில்லை. மூன்றும் அறிந்த கற்றோர் எத்தனை பேர்?

இளைய மகள் முதுமையில் தம் உடைமைகளைப் பிள்ளைகள் நால்வர்க்கும் பிரித்துக் கொடுத்தார். நகை பிரிந்தது, பணம் பிரிந்தது. யாழ்ப்பாணத்து உறுதியை மட்டும் அவர் பிரிக்கவில்லை. கிணற்றுப் பங்கைத் துண்டு போட இயலாது என்று சொல்லிவிட்டார். ஆகவே அது முறையில் இருக்கிறது. ஆண்டுதோறும் தைப்பொங்கலன்று, பழுத்துப்போன அந்தத் தாள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கைமாறுகிறது.